ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு: ஸ்கிரிப்டில் சார்புப் பாதையைக் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

சென்னையின் குடிநீர் ஏரிகளில் நாள்தோறும் பதிவாகும் நீர்மட்டத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு தரவுத் தொகுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என ஏரிக்கு ஒரு கோப்புறை. அறிக்கைகளுக்கு ஆண்டு, மாத வாரியாகத் தனிக் கோப்புறைகள். ஏரிகளின் முழுக் கொள்ளளவு ஒரே ஒரு கோப்பில் இருக்கிறது: பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று சொல்ல ஒவ்வொரு அறிக்கையும் அந்தக் கோப்பைத்தான் படிக்க வேண்டும்.

தி.நகர் அலுவலகத்தின் சர்வரில் இது பிசிறில்லாமல் ஓடும். அதே தொகுப்பை ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துத் தாம்பரத்தில் ஒருவரின் லேப்டாப்பில் வைத்தவுடன் படங்கள் வராது, கொள்ளளவுக் கோப்பு கிடைக்காது. காரணம் எளிது. சர்வரில் தொகுப்பு /தரவு/ஏரிகள் என்ற இடத்தில் இருந்தது; லேப்டாப்பில் அது யாரோ ஒருவரின் ஆவணக் கோப்புறைக்குள் இருக்கிறது. உள்ளே எழுதப்பட்ட பாதைகளெல்லாம் ரூட்டிலிருந்து, அதாவது எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கோப்புறையிலிருந்து, தொடங்கும் முழுப் பாதைகள். தொகுப்பின் உள்ளமைப்பு கொஞ்சமும் மாறவில்லை, ஆனாலும் எல்லாம் உடைந்துவிட்டது.

அறிக்கை இருக்கும் இடத்திலிருந்து தரவு இருக்கும் இடத்துக்கு எத்தனை படி மேலே ஏறி, எந்தக் கோப்புறைகளின் வழியாக இறங்க வேண்டும் என்று எழுதிவைத்தால் இந்தச் சிக்கல் வராது. அதுதான் சார்புப் பாதை. கையால் நான்கைந்து எழுதிவிடலாம். நூற்றுக்கணக்கான கோப்புறைகளுக்கு இடையே ஸ்கிரிப்ட்தான் கணக்கிட வேண்டும். அதைச் சரியாகச் செய்வது எப்படி என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். கட்டளைகளின் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

படி 1: கணக்கைத் தொடங்கும் முன் மூன்று கேள்விகள்

சார்புப் பாதை தனியாக நின்று எதையும் சொல்லாது. ".." என்றால் ஒரு படி மேலே ஏறு என்று பொருள். "../பூண்டி" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அது எந்த இடம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எங்கிருந்து, எங்கே, யார் பின்தொடரப் போகிறார் என்ற மூன்றையும் முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

எங்கிருந்து என்பது எப்போதும் ஒரு கோப்புறையாகவே இருக்க வேண்டும், கோப்பாக இருக்கக் கூடாது. 2015 டிசம்பர் அறிக்கையின் முகப்புப் பக்கத்திலிருந்து இணைப்பு கொடுப்பதென்றால், தொடக்கம் அந்தப் பக்கம் இருக்கும் "டிசம்பர்" கோப்புறை. பக்கத்தின் பெயரையே தொடக்கமாகக் கொடுத்தால் விடையில் ஒரு ".." கூடுதலாக வந்துவிடும். சார்புப் பாதையைக் கணக்கிடும் பைத்தானின் ரெல்பாத் போன்ற கருவிகள் நீங்கள் கொடுத்தது கோப்பா, கோப்புறையா என்று டிஸ்கில் போய்ப் பார்ப்பதில்லை. கொடுத்ததைக் கோப்புறை என்று நம்பிக் கணக்கிடும். எனவே டிர்நேம் கட்டளையால் கோப்பின் பெயரை நீக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். விடை ஒரே ஒரு படி பிசகி வருகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

எங்கே என்பது கோப்பாகவும் இருக்கலாம், கோப்புறையாகவும் இருக்கலாம். அதில் சிக்கல் இல்லை.

மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்டுக்கொள்வதே இல்லை. இந்தப் பாதையைப் பின்தொடரப் போவது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலா, உலாவியா, அல்லது உங்கள் நிரலேயா? கெர்னல் டிஸ்கில் உள்ளபடி நடக்கும்; ஒவ்வொரு ".." வரும்போதும் தான் உண்மையில் நிற்கும் கோப்புறையின் தாய்க் கோப்புறைக்குப் போகும். உலாவிக்கு டிஸ்க் தெரியாது, எழுத்தை மட்டும் பார்த்து ".."-ஐயும் அதற்கு முந்தைய பகுதியையும் சேர்த்து நீக்கிவிட்டு, மிஞ்சிய முகவரியைச் சர்வரிடம் கேட்கும். பெரும்பாலான நேரம் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேரும். வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பான சிம்லிங்க் குறுக்கிடும்போது பிரிந்துவிடும். அதைப் பிறகு விரிவாகப் பார்க்கலாம்.

படி 2: இரண்டையும் முழுப் பாதையாக்கிச் சுத்தம் செய்தல்

ஒப்பிடுவதற்கு முன் தொடக்கம், இலக்கு இரண்டும் ரூட்டிலிருந்து தொடங்கும் முழுப் பாதைகளாக இருக்க வேண்டும். சாய்கோட்டில் தொடங்காத பாதை வந்தால், அதற்கு முன்னால் நடப்புக் கோப்புறையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நடப்புக் கோப்புறை என்பது ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறை அல்ல. அதை இயக்கியபோது நீங்கள் நின்ற கோப்புறை. டெர்மினலில் நீங்களே இயக்கும்போது இரண்டும் ஒன்றாக அமைந்துவிடுவதால் வேறுபாடு தெரியாது. அதே ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரானில் போட்டு இரவு 2 மணிக்கு ஓடவிட்டால், அது உங்கள் ஹோம் கோப்புறையில் நின்று ஓடும். பாதைகளெல்லாம் வேறெங்கோ சுட்டும். ஸ்கிரிப்டின் இடத்தைப் பொறுத்துத்தான் பாதைகள் அமைய வேண்டுமென்றால் அதை வெளிப்படையாகக் கண்டறியுங்கள். பேஷ் ஷெல்லில் அதற்குப் பேஷ்-சோர்ஸ் என்ற மாறி இருக்கிறது. பைத்தானில் இருபுறமும் இரண்டு அடிக்கோடுகளோடு எழுதப்படும் ஃபைல் என்ற மாறி.

அடுத்தது சுத்தம் செய்வது. பாதையைச் சாய்கோட்டில் வெட்டித் துண்டுகளாக்குங்கள். வெற்றுத் துண்டுகளை எறிந்துவிடுங்கள். இரட்டைச் சாய்கோடும் கடைசிச் சாய்கோடும் அப்படித்தான் மறையும். ஒற்றைப் புள்ளித் துண்டையும் எறிந்துவிடுங்கள். இரட்டைப் புள்ளி வந்தால் அதையும் அதற்கு முந்தைய துண்டையும் நீக்குங்கள். முந்தைய துண்டே இல்லையென்றால், அதாவது ரூட்டிலேயே நின்றால், இரட்டைப் புள்ளியை மட்டும் எறிந்தால் போதும், ஏனென்றால் ரூட்டுக்கு மேலே ஏதுமில்லை.

/தரவு//ஏரிகள்/./அறிக்கை/2015/நவம்பர்/../டிசம்பர்/

என்ற பாதை இப்படிச் சுத்தமானால் கிடைப்பது:

/தரவு/ஏரிகள்/அறிக்கை/2015/டிசம்பர்

படி 3: கணக்கு

கணக்கு இவ்வளவுதான். இரண்டு பாதைகளின் துண்டுகளையும் இடமிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முதல் வேறுபாடு வரும்வரை உள்ளவை பொதுப் பகுதி. தொடக்கத்தில் பொதுப் பகுதி போக மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ".." எழுதுங்கள். அதன் பிறகு இலக்கில் மிஞ்சியிருக்கும் துண்டுகளை அப்படியே சேருங்கள்.

தொடக்கம்: /தரவு/ஏரிகள்/அறிக்கை/2015/டிசம்பர்
இலக்கு: /தரவு/ஏரிகள்/பூண்டி/அளவு

"தரவு", "ஏரிகள்" இரண்டும் பொது. தொடக்கத்தில் மிஞ்சுவது "அறிக்கை", "2015", "டிசம்பர்" என்ற மூன்று துண்டுகள்; ஆகவே மூன்று முறை மேலே ஏற வேண்டும். இலக்கில் மிஞ்சுவது "பூண்டி", "அளவு". விடை:

../../../பூண்டி/அளவு

எல்லை நிலைகளையும் இப்போதே பார்த்துவிடலாம், ஏனென்றால் சொந்தமாக எழுதிய நிரல்கள் விழுவது இங்கேதான். இரண்டும் ஒரே கோப்புறை என்றால் விடை வெற்றுச் சரமாக, அதாவது ஓர் எழுத்தும் இல்லாமல், வரும். அதை ஒற்றைப் புள்ளியாக மாற்றியாக வேண்டும். வெற்றுப் பாதையைக் கெர்னல் ஏற்காது. இலக்கு தொடக்கத்துக்குள்ளேயே இருந்தால் ".." எதுவும் வராது. தொடக்கம் இலக்குக்குள் இருந்தால் ".." மட்டுமே வரும். பொதுவாக எதுவுமே இல்லாவிட்டாலும், லினக்ஸிலும் மேக்கிலும் ரூட் வரை ஏறி இறங்கும் பாதை ஒன்று கட்டாயம் உண்டு. விண்டோஸில் அப்படியல்ல. சி டிரைவிலிருந்து டி டிரைவுக்குச் சார்புப் பாதையே கிடையாது. பைத்தானின் ரெல்பாத் அங்கே பிழை எழுப்பும். அந்தப் பிழையைப் பிடித்து முழுப் பாதையைப் பயன்படுத்துவதா, வேலையை நிறுத்துவதா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எழுத்தை ஒப்பிடாதீர்கள், துண்டை ஒப்பிடுங்கள்

துண்டுகளாக வெட்ட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு சரங்களுக்கும் பொதுவான முன்பகுதியை எழுத்து எழுத்தாகக் கண்டுபிடித்து வெட்டுவது ஓரிரு வரியில் முடிந்துவிடும் என்பதால் பலரும் அந்த வழியில் போகிறார்கள். மழைமானிப் பதிவுக்காகச் சோழிங்கநல்லூர் என்றொரு கோப்புறையை நம் தொகுப்பில் சேர்ப்போம்.

/தரவு/ஏரிகள்/சோழவரம்
/தரவு/ஏரிகள்/சோழிங்கநல்லூர்

எழுத்து வாரியாகப் பொதுப் பகுதி "/தரவு/ஏரிகள்/சோழ" என்று வரும். "சோழ" என்றொரு கோப்புறை அங்கே இல்லை. இலக்கில் மிஞ்சுவதோ "ி" என்ற உயிர்க்குறியோடு தொடங்கும் ஒரு துணுக்கு. கணினிக்கு "ழி" என்பது ஓர் எழுத்தல்ல. "ழ" ஒரு குறி, இகர உயிர்க்குறி இன்னொரு குறி. அதனால் வெட்டு ஓர் எழுத்தின் நடுவிலேயே விழுந்துவிடுகிறது. பைத்தானில் காமன்-ப்ரீஃபிக்ஸ் என்ற செயற்கூறு இப்படித்தான் வெட்டும். பாதைகளுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள், 3.5 பதிப்பில் சேர்க்கப்பட்ட காமன்-பாத் துண்டு வாரியாக ஒப்பிடும்.

இதே கோளாறு இன்னொரு வேடத்திலும் வரும். "/தரவு/ஏரிகள்/புழல்-பழையது" என்ற பாதை "/தரவு/ஏரிகள்/புழல்" என்று தொடங்குகிறதா என்று கேட்டால், ஆம் என்றுதான் விடை வரும். ஆனால் ஒன்று மற்றொன்றுக்குள் இல்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கோப்புறைகள். முன்பகுதியைச் சரமாகவே சோதிக்க வேண்டிய நிலை வந்தால், இரண்டின் முடிவிலும் ஒரு சாய்கோட்டைச் சேர்த்துக்கொண்டு சோதியுங்கள். "புழல்-பழையது/" என்பது "புழல்/" என்று தொடங்காது.

படி 4: சிம்லிங்க் இருக்கும் இடங்கள்

செங்குன்றம் ஏரி என்றாலும் புழல் ஏரி என்றாலும் ஒரே ஏரிதான். தொகுப்பைத் திறப்பவர் எந்தப் பெயரில் தேடினாலும் கிடைக்கட்டும் என்று, ஏரிகள் கோப்புறைக்குள் "செங்குன்றம்" என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் வைத்து "புழல்" கோப்புறையைச் சுட்டச் செய்கிறோம். நல்ல ஏற்பாடு. "செங்குன்றம்" வழியாகப் போனவர் ".." என்றாலும், "புழல்" வழியாகப் போனவர் ".." என்றாலும் "ஏரிகள்" கோப்புறைதான் வரும். ஸ்கிரிப்ட் எழுத்தை மட்டும் பார்த்துக் கணக்கிட்ட "../பூண்டி" சரியாகவே வேலை செய்யும்.

பிறகு ஒருநாள் டிஸ்கில் இடம் போதாமல், புழல் தரவை இரண்டாவது டிஸ்குக்கு மாற்றி, சிம்லிங்கையும் அதற்கேற்பத் திருத்துகிறார்கள். இப்போது "/தரவு/ஏரிகள்/செங்குன்றம்" சுட்டுவது "/காப்பு/வட்டு2/புழல்" என்ற இடத்தை. ஸ்கிரிப்ட் இன்னும் "../பூண்டி" என்றுதான் விடை தருகிறது. கெர்னல் என்ன செய்யும்? "செங்குன்றம்" என்ற இணைப்பைத் தொடர்ந்து "/காப்பு/வட்டு2/புழல்" போகும். அங்கிருந்து ".." என்றால் "/காப்பு/வட்டு2". அதற்குள் "பூண்டி" இல்லை. ஸ்கிரிப்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் விடை தவறு.

கெர்னல் பின்தொடரப் போகும் பாதை என்றால், கணக்கிடும் முன் தொடக்கத்தில் உள்ள சிம்லிங்குகளை விரித்து உண்மையான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இலக்கையும் அதேபோல விரித்துவிடுவது நல்லது. விரித்தால் தொடக்கம் "/காப்பு/வட்டு2/புழல்" ஆகிவிடும், சரியான விடை:

../../../தரவு/ஏரிகள்/பூண்டி

இதில் குழப்பத்தைக் கூட்டுவது, டெர்மினலில் நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல். நீங்கள் "செங்குன்றம்" கோப்புறைக்குள் சிடி கட்டளையால் நுழைந்து, மறுபடி ".." கொடுத்து வெளியே வந்தால் "/தரவு/ஏரிகள்" என்ற இடத்துக்கே வந்து நிற்பீர்கள். ஷெல் நீங்கள் வந்த வழியை எழுத்தாக நினைவில் வைத்திருக்கிறது. சிடி அதைப் பார்த்துத்தான் திரும்புகிறது. அதே இடத்தில் நின்று எல்எஸ் கட்டளைக்கு ".." கொடுத்தால் "/காப்பு/வட்டு2" கோப்புறையின் பட்டியல் வரும், ஏனென்றால் எல்எஸ் கெர்னலைக் கேட்கிறது. டெர்மினலில் சிடி கொடுத்துப் பார்த்து "பாதை சரி" என்று முடிவுகட்டுவது அதனால்தான் ஆபத்து. ஸ்கிரிப்டுகளில் சிடி, நடப்புக் கோப்புறையைக் காட்டும் பிடபிள்யூடி இரண்டுக்குமே பெரிய பி விருப்பத்தைக் கொடுங்கள். அப்போது உண்மையான இடமே கிடைக்கும்.

ஒரு பக்கத்தை விரித்து மறு பக்கத்தை விரிக்காமல் விடுவதும் அடிக்கடி நடப்பதுதான். மேக்கில் ரூட்டில் உள்ள டிஎம்பி என்பது பிரைவேட் என்ற கோப்புறைக்குள் இருக்கும் டிஎம்பிக்கான சிம்லிங்க். தற்காலிகக் கோப்புகளை வைத்துச் சோதனை எழுதும்போது ஒரு பாதை விரிந்தும் மற்றது விரியாமலும் வரும். பக்கத்திலேயே இருக்கும் கோப்புக்கு ரூட் வரை ஏறி இறங்கும் நீண்ட விடை கிடைக்கும். விடையில் எதிர்பாராமல் ".." வரிசை கட்டி நின்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எப்போதும் விரித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. விரித்துக் கிடைத்த மேற்கண்ட விடை தொகுப்புக்கு வெளியே போய்த் திரும்பி வருகிறது. தொகுப்பை மட்டும் ஹார்ட் டிஸ்கில் எடுத்துப்போனால் அது செத்துவிடும். இணையப் பக்கங்களுக்கான இணைப்பு என்றால் விரிக்கவே கூடாது, ஏனென்றால் உலாவி எழுத்தை மட்டுமே பார்க்கும். முதல் படியில் கேட்ட மூன்றாவது கேள்விக்கு இங்கேதான் வேலை வருகிறது.

படி 5: சிம்லிங்க் உருவாக்கும்போது

சிம்லிங்குக்குள் எழுதப்படும் சார்புப் பாதை, அந்த இணைப்பு இருக்கும் கோப்புறையிலிருந்து கணக்கிடப்படும். இணைப்பை உருவாக்கும் எல்என் கட்டளையை இயக்கும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது பொருட்டே அல்ல. நீங்கள் கொடுத்த எழுத்துகளை எல்என் அப்படியே இணைப்புக்குள் எழுதிவைத்துவிடும். அந்த இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காது. ஆகவே தொடக்கமாக எடுக்க வேண்டியது இணைப்பு உட்காரப் போகும் கோப்புறை. குனூ எல்என் கட்டளையில் 2012 முதல் சிறிய ஆர் என்ற விருப்பம் இருக்கிறது; சிம்லிங்க் உருவாக்கும் சிறிய எஸ் விருப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தால் சார்புப் பாதையைத் தானே கணக்கிட்டு எழுதிவிடும். அது கிடைக்கும் இடத்தில் நீங்களாகக் கணக்கிட வேண்டாம்.

படி 6: ஆயத்தமாக இருக்கும் கருவிகள்

லினக்ஸில் குனூ கோர்யூட்டில்ஸ் என்ற அடிப்படைக் கட்டளைத் தொகுப்பு இருந்தால் ரியல்பாத் கட்டளையே போதும். அதுவும் 2012-இல் அந்தத் தொகுப்பில் சேர்ந்தது.

ரியல்பாத் --ரிலேட்டிவ்-டு="தொடக்கம்" -- "இலக்கு"

மேற்கோள் குறிகளை விடாதீர்கள். "டிசம்பர் 1" என்று இடைவெளியோடு ஒரு கோப்புறை இருந்தால் அவை இல்லாமல் இரண்டாக உடைந்துவிடும். நடுவில் உள்ள இரட்டைக் கோடு, சிறுகோட்டில் தொடங்கும் பெயரை விருப்பம் என்று கட்டளை தவறாக எடுத்துக்கொள்ளாமல் காக்கும். இந்தக் கட்டளை சிம்லிங்குகளை விரித்துத்தான் கணக்கிடும். விரிக்க வேண்டாமென்றால் சிறிய எஸ் விருப்பம். இலக்கின் கடைசித் துண்டைத் தவிர மற்றவை டிஸ்கில் இருந்தாக வேண்டும் என்பது இயல்பு நிலை; இனிமேல்தான் உருவாக்கப் போகிறீர்கள் என்றால் சிறிய எம் விருப்பத்தைச் சேருங்கள். ரிலேட்டிவ்-பேஸ் என்று இன்னொரு விருப்பமும் உண்டு. தொகுப்புக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் சார்புப் பாதையும், வெளியே இருப்பவற்றுக்கு முழுப் பாதையும் வேண்டும்போது அது உதவும்.

மேக்கில் வென்ச்சுரா பதிப்பிலிருந்து ரியல்பாத் என்ற பெயரில் ஒரு கட்டளை வருகிறது, ஆனால் அதில் ரிலேட்டிவ்-டு கிடையாது. பல கட்டளைகளை ஒரே சிறு நிரலில் அடக்கிய பிஸிபாக்ஸில் உள்ள ரியல்பாத்திலும் கிடையாது. சிறிய கன்டெய்னர்களில் ஓடும் ஸ்கிரிப்டுகள் இதனால் நின்றுபோகும். எல்லா இடத்திலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் என்றால் நான் பைத்தானைத்தான் சொல்வேன். ஓஎஸ்.பாத்.ரெல்பாத் 2.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இலக்கு முதலில், தொடக்கம் இரண்டாவது. வரிசை மாறினால் பிழை வராது, தலைகீழான விடை வரும். அது சிம்லிங்குகளை விரிக்காது, தேவையென்றால் ஓஎஸ்.பாத்.ரியல்பாத் வழியாக இரண்டையும் அனுப்பிவிட்டுக் கொடுங்கள்.

பைத்தானின் பாத்லிப் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கு: அதிலுள்ள ரிலேட்டிவ்-டு, இலக்கு தொடக்கத்துக்குள் இருந்தால் மட்டுமே விடை தரும், இல்லையென்றால் பிழை எழுப்பும். 3.12 பதிப்பில் வாக்-அப் என்ற விருப்பம் வந்த பிறகுதான் ".." போட்டு மேலே ஏறுகிறது.

நோடில் பாத்.ரிலேட்டிவ், கோ மொழியில் ஃபைல்பாத்.ரெல், ரூபியில் பாத்நேமின் ரிலேட்டிவ்-பாத்-ஃப்ரம், பெர்லில் ஃபைல்-ஸ்பெக்கின் ஏபிஎஸ்-டு-ரெல். எதிலும் முதலில் பார்க்க வேண்டியது எது முன்னால் வருகிறது என்பது; நோடில் தொடக்கம்தான் முதலில்.

படி 7: ஷெல்லிலேயே எழுதித்தான் ஆக வேண்டுமென்றால்

வேறு கருவி எதுவும் இல்லாத இடத்துக்கு ஒரு சிறிய வழி இருக்கிறது. இரண்டு பாதைகளும் சுத்தமான முழுப் பாதைகளாக இருக்க வேண்டும். ரூட் மட்டும் வந்தால் அதை வெற்றுச் சரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொது = தொடக்கம்
மேலே = ""
"இலக்கு/" என்பது "பொது/" என்று தொடங்காத வரை:
    பொது = பொதுவில் கடைசிச் சாய்கோட்டுக்கு முன் உள்ள பகுதி
    மேலே = மேலே + "../"
மிச்சம் = "இலக்கு/"-இல் "பொது/"-வை நீக்கியபின் உள்ளது
விடை = மேலே + மிச்சம்
விடையின் கடைசிச் சாய்கோட்டை நீக்கு
விடை வெறுமையாக இருந்தால் விடை = "."

தொடக்கத்தையே பொதுப் பகுதி என்று எடுத்துக்கொண்டு, பொருந்தும்வரை ஒவ்வொரு படியாக ஏறுகிறோம். எவ்வளவு ஏறினாலும் கடைசியில் "பொது" வெற்றுச் சரமாகி, "பொது/" வெறும் சாய்கோடாக நிற்கும். எல்லா முழுப் பாதையும் அதில் தொடங்கும் என்பதால் சுழல் கட்டாயம் முடியும். ஒப்பிடும் இடத்தில் இருபுறமும் சாய்கோடு சேர்த்திருப்பதால் "புழல்-பழையது" கோளாறும் வராது.

பேஷில் எழுதும்போது, முன்பகுதியை நீக்கும் எண்குறிச் (#) செய்குறியில் மாறியின் பெயரைச் சுற்றி உள்ளேயும் மேற்கோள் குறி போடுங்கள். போடாவிட்டால் கோப்புறைப் பெயரில் உள்ள நட்சத்திரக் குறியையும் சதுர அடைப்புக்குறியையும் ஷெல் வார்ப்புருவாக எடுத்துக்கொள்ளும். "அளவு[பழையது]" என்று பெயர் வைத்தவருக்கு மட்டும் ஸ்கிரிப்ட் தவறான விடை தரும். மற்ற எல்லோருக்கும் சரியாக ஓடும். கண்டுபிடிக்க மிகவும் கடினமான கோளாறு வகை அது.

படி 8: தமிழில் பெயர் வைத்த கோப்புறைகள்

தமிழிலேயே கோப்புறைப் பெயர் வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு இன்றைய இயங்குதளங்களில் தடையில்லை. ஆனால் நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. யூனிகோடில் "சோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். "ச" என்ற குறியும் ஓகாரத்துக்கான ஒற்றைக் குறியும் சேர்ந்தது ஒன்று. "ச", இரட்டைக் கொம்பு, கால் என மூன்று குறிகள் சேர்ந்தது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். "சோழவரம்" முதல் விதத்தில் 7 குறிகள், யூடிஎஃப்-8இல் 21 பைட். இரண்டாவது விதத்தில் 8 குறிகள், 24 பைட். லினக்ஸ் கோப்பு முறைமைகள் பொதுவாகப் பைட்டுகளைத்தான் ஒப்பிடும் என்பதால், ஒரே கோப்புறைக்குள் கண்ணுக்கு ஒரேமாதிரியான இரண்டு "சோழவரம்" இருக்க முடியும்.

மேக்கின் பழைய எச்எஃப்எஸ்-பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். அதன் பின் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதும். பழைய மேக்கிலிருந்து லினக்ஸ் சர்வருக்குத் தொகுப்பை நகலெடுத்தால், அறிக்கையில் எழுதப்பட்ட பெயர் ஒரு வடிவிலும் டிஸ்கில் உள்ள பெயர் மற்ற வடிவிலும் இருக்க நேரும். பொதுத் துண்டு ஒன்றே அல்ல என்று கணக்கு முடிவுசெய்து, தேவையில்லாமல் ஒரு படி மேலே ஏறி, மீண்டும் "சோழவரம்" என்று இறங்கும்.

பூண்டிக்கும் புழலுக்கும் இது நேராது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளோ ஔ என்ற எழுத்தோ உள்ள பெயர்களுக்கு மட்டுமே நேரும். சோழவரம் உடையும், செம்பரம்பாக்கம் உடையாது. கொளத்தூர், கோயம்பேடு உடையும், அடையாறு உடையாது. சில பெயர்களில் மட்டும் கோளாறு என்றால் ஸ்கிரிப்டைக் குடைவதற்கு முன் இதைப் பாருங்கள்.

தீர்வு, டிஸ்கில் உள்ள பெயர்களையே ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது. கான்வ்-எம்வி என்ற கருவி, யூடிஎஃப்-8 பெயர்களைச் சேர்ந்த வடிவான என்எஃப்சிக்கு மாற்றும். பைத்தானில் யூனிகோட்-டேட்டா லைப்ரரியின் நார்மலைஸ் இதைச் செய்யும். ஒப்பிடும்போது மட்டும் நினைவகத்தில் மாற்றிவிட்டு, டிஸ்கில் பழைய பெயரை விட்டுவைப்பது அரைத் தீர்வு. கணக்கு சரியாக வரும். ஆனால் அந்தப் பாதையைத் திறக்கும்போது லினக்ஸ், அப்படி ஒரு கோப்பு இல்லை என்று சொல்லிவிடும்.

நீளத்தையும் கவனியுங்கள். ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறிகளோடு முடிந்துவிடும். "செம்பரம்பாக்கம்" என்ற ஒன்பது எழுத்துச் சொல்லுக்கே 45 பைட் ஆகிவிடுகிறது.

படி 9: இணையப் பக்கத்துக்கான இணைப்பு என்றால்

கணக்கு அதேதான், மேலும் மூன்று கவனங்கள். இடைவெளி, எண்குறி, கேள்விக்குறி, சதவீதக் குறி ஆகியவை பெயரில் இருந்தால் ஒவ்வொரு துண்டையும் சதவீதக் குறியீட்டுக்கு மாற்றிவிட்டுச் சேருங்கள். சேர்த்த பிறகு மொத்தமாக மாற்றினால் சாய்கோடும் மாறிவிடக்கூடும். முதல் துண்டில் முக்காற்புள்ளி இருந்தால் முன்னால் "./" சேருங்கள், இல்லையென்றால் உலாவி அதை முகவரித் திட்டத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும். கோப்புறையின் முகவரி சாய்கோட்டில் முடிகிறதா என்றும் பாருங்கள். "டிசம்பர்" என்று முடிந்தால் உலாவி அதைக் கோப்பாகக் கருதி "2015" கோப்புறையிலிருந்து கணக்கிடும். "டிசம்பர்/" என்று முடிந்தால் "டிசம்பர்" கோப்புறையிலிருந்தே கணக்கிடும்.

படி 10: திரும்பச் சேர்த்துப் பார்த்தல்

சார்புப் பாதைக்கு அருமையான ஒரு சோதனை இருக்கிறது. தொடக்கத்தோடு விடையை ஒட்டி, இரண்டாம் படியில் செய்ததுபோலச் சுத்தம் செய்தால் இலக்கு திரும்பக் கிடைக்க வேண்டும். எந்த உள்ளீட்டுக்கும் இது பொருந்தும் என்பதால், எதிர்பார்க்கும் விடைகளை நீங்கள் கையால் எழுதிவைக்க வேண்டியதில்லை. தொகுப்பில் உள்ள எல்லாக் கோப்புறைகளையும் பட்டியலிட்டு, ஒவ்வொரு இணைக்கும் கணக்கிட்டு, ஒட்டிப் பாருங்கள்.

எழுத்தளவில் செய்யும் இந்தச் சோதனை சிம்லிங்க் கோளாறுகளைப் பிடிக்காது. கெர்னலுக்கான பாதை என்றால் டிஸ்கிலேயே சோதிக்க வேண்டும்: தொடக்கத்துக்குள் பெரிய பி விருப்பத்தோடு சிடி செய்து, விடையும் இலக்கும் ஒரே பொருளைத்தான் சுட்டுகின்றனவா என்று டெஸ்ட் கட்டளையின் ஈஎஃப் ஒப்பீட்டால் கேளுங்கள். அது பெயரைப் பார்க்காது. டிவைஸ் எண்ணையும், கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் தரும் ஐநோடு எண்ணையும் பார்த்துச் சொல்லும்.

சோதனைப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டியவை: ஒரே கோப்புறை இருமுறை, ரூட் தொடக்கமாக, ரூட் இலக்காக, ஒன்றுக்குள் ஒன்று இரு திசையிலும், இடைவெளி உள்ள பெயர், சதுர அடைப்புக்குறி உள்ள பெயர், புழலும் புழல்-பழையதும், சோழவரமும் சோழிங்கநல்லூரும், "சோ" இரண்டு வடிவிலும், செங்குன்றம் வழியாக ஒரு பாதை. இவை அத்தனையும் தேறிய பிறகு, தொகுப்பை முற்றிலும் வேறொரு இடத்துக்கு நகலெடுத்து, பழைய இடத்தின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவைத்துவிட்டு, 2015 டிசம்பர் அறிக்கையை மறுபடி உருவாக்கிப் பாருங்கள். பெயரை மாற்றாமல் சோதித்தால், எங்காவது தங்கிப்போன முழுப் பாதை பழைய இடத்திலிருந்தே கொள்ளளவுக் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும்; சோதனையும் தேறிவிடும்.